விளையாட்டு விழா இலச்சினையைப் படிப்பது எப்படி?

நான் படித்த பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா நெருங்கினால், ஓவிய ஆசிரியர் மைதானத்துச் சுற்றுச்சுவரில் ஐந்து வளையங்கள் வரைவார். எந்த டப்பாவில் பெயிண்ட் மீதம் இருக்கிறதோ அதுதான் வளையத்தின் நிறம். ஒரு வருடம் கறுப்பு தீர்ந்துவிட்டதால், வகுப்பறைக் கதவுக்கு அடித்து மீந்த பழுப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் குறை சொல்லவில்லை. ஐந்து வளையங்கள் பின்னிக்கொண்டிருந்தால் அது விளையாட்டு விழா, ஊருக்குப் புரிந்துவிட்டது.

அந்த வளையங்களை ஒலிம்பிக் குழுவின் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1981-இல் நைரோபியில் ஒரு பன்னாட்டு ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள், இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிச் சுவரில் வணிகம் இல்லை, ஆகவே ஆசிரியர் தப்பித்தார். ஐந்து வட்டங்கள் போட்ட ஒரு படத்துக்காக நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுத வேண்டிய அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். தமிழில் ‘சின்னம்’ என்றவுடன் நமக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் வாக்கைச் சரியான இடத்தில் போட வேண்டும் என்பதற்காக வந்த படங்கள் அவை. ‘இலச்சினை’ என்பது வேறு வழியில் வந்த சொல். அரசனின் முத்திரை, ஓலையில் பதித்தால் ‘இது என்னுடையது’ என்று பொருள். விளையாட்டு விழாவின் லோகோ இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. எந்த மொழிக்காரருக்கும் புரிய வேண்டும். அதே நேரத்தில் அதற்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்றும் காட்ட வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் இலச்சினை என்றே எழுதுகிறேன்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, கையசைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவரும் பொம்மைப் பாத்திரம், அதாவது மாஸ்காட். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையோடு கைகூப்பி நின்ற குதிரைத் தலைத் ‘தம்பி’ அந்த வகை. நம் செய்தித்தாள்கள் அதையும் சின்னம் என்றே எழுதியதால் பலர் அதுதான் லோகோ என்று நினைத்துக்கொண்டார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் யானைக்குட்டி அப்புவுக்கு நடந்ததும் இதுதான். அந்தப் போட்டியின் இலச்சினை ஜந்தர் மந்தர் வானியல் கட்டடத்தை ஒட்டி வரையப்பட்டது என்பதை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? அப்புவைக் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். இன்னொன்று படக்குறி: நீச்சல் இங்கே, குத்துச்சண்டை அங்கே என்று வழிகாட்டும் சிறு உருவங்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

வளையங்கள் யாருடையவை

பெரும்பாலான ஒலிம்பிக் இலச்சினைகளில் இரண்டு பாதிகள் இருக்கும். கீழ்ப்பாதியில் ஐந்து வளையங்கள், மேலே அந்தந்த ஊரின் படம். வளையங்கள் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவுக்குச் சொந்தம், மாறுவதில்லை. மேற்பாதி நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாறும். வீட்டு உரிமையாளரின் பெயர்ப்பலகைக்கு மேலே வாடகைக்கு வந்தவர் தோரணம் கட்டிக்கொள்வது மாதிரி. உலகக் கோப்பைக் கால்பந்திலும் இதே ஏற்பாடுதான், அங்கே வளையத்தின் இடத்தில் கோப்பை.

வளையங்களை வரைந்தவர் நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் பியர் தெ கூபெர்தான். 1913-இல் ஒரு கடிதத்தின் தலைப்பில் கையாலேயே வரைந்து வண்ணம் தீட்டினார். மறு ஆண்டு பாரிஸில் நடந்த ஒலிம்பிக் மாநாட்டுக்காகத் தயாரானது அது. அடுத்து முதல் உலகப் போர் வந்து 1916 போட்டியே நடக்காமல் போனதால், வளையக் கொடி ஒரு போட்டியில் பறக்க 1920-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீலம் ஐரோப்பா, கறுப்பு ஆப்பிரிக்கா, சிவப்பு அமெரிக்கா, மஞ்சள் ஆசியா, பச்சை ஓசியானியா. பொது அறிவுப் புத்தகத்தில் இப்படித்தான் படித்திருப்பீர்கள், நானும் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இது தவறு. ஐந்து வளையங்கள் ஐந்து கண்டங்களைக் குறிப்பது உண்மை; வடக்கு, தெற்கு அமெரிக்கா இரண்டையும் ஒன்றாக எண்ணிய கணக்கு அது. ஆனால் இந்த வளையம் இந்தக் கண்டத்துக்கு என்று கூபெர்தான் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒலிம்பிக் குழுவின் கையேட்டிலேயே ஒரு காலத்தில் அப்படி ஒரு விளக்கம் இருந்தது. அவர் அப்படி நினைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லாததால் 1951-இல் எடுத்துவிட்டார்கள். கறுப்பு என்றால் ஆப்பிரிக்கா, மஞ்சள் என்றால் ஆசியா என்ற பட்டியலில் எந்தக் காலத்து மனோபாவம் ஒளிந்திருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கூபெர்தான் சொன்ன கணக்கு வேறு. ஐந்து நிறங்களோடு பின்னணியின் வெள்ளையையும் சேர்த்தால் ஆறு. அன்றைக்கு இருந்த எல்லா நாட்டுக் கொடிகளின் நிறங்களையும் இந்த ஆறைக் கொண்டே தீட்டிவிடலாம். சுவீடனின் நீலமும் மஞ்சளும், கிரேக்கத்தின் நீலமும் வெள்ளையும், பிரான்சின் மூவண்ணம் என்று அவரே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். ஆக, வெள்ளைத் தாளும் படத்தின் ஒரு பகுதிதான். எங்கள் ஆசிரியர் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவரில் வரைந்ததை நினைத்தால், கதவுப் பழுப்பைவிட அதுதான் பெரிய பிழை!

வளையங்கள் அருகருகே நிற்காமல் ஏன் பின்னிக்கொள்கின்றன? கூபெர்தான் தொடர்பு வைத்திருந்த பிரெஞ்சு விளையாட்டுக் கழகக் கூட்டமைப்புக்கு அதற்கு முன்பே பின்னிய இரண்டு வளையங்கள் அடையாளமாக இருந்தன. அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. எங்கிருந்து வந்தாலும், பார்வையில் அதன் வேலை சிக்குக் கோலம் செய்யும் வேலைதான். ஒரு கோடு மேலே போய், அடுத்த இடத்தில் கீழே நுழையும்போது, எதையும் தனியாக உருவி எடுக்க முடியாது என்று கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. ‘ஒற்றுமை’ என்று எழுத வேண்டியதில்லை.

மேற்பாதி: மூன்று நகரங்களின் கதை

ஊர்ப்பாதியை வரைபவருக்குத்தான் உண்மையான தலைவலி. ஒரு நாட்டையே உள்ளங்கை அகலத்தில் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் புரிய வேண்டும், உள்ளூர்க்காரர் ‘இது நாம்தான்’ என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இதை நன்றாகச் செய்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், அடுத்தடுத்து வந்த மூன்று ஒலிம்பிக்குகளைக் காட்டுவேன்: டோக்கியோ 1964, மெக்சிகோ 1968, மியூனிக் 1972. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இந்த மூன்றிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான் என்பது என் எண்ணம்.

டோக்கியோ இலச்சினை யூசாக்கு காமெகுரா வரைந்தது. ஒரு பெரிய சிவப்பு வட்டம். அதன் கீழே தங்க நிறத்தில் வளையங்கள், அதன் கீழே ஊரும் ஆண்டும். முடிந்தது. ஜப்பான் கொடியின் வட்டமும் அதுதான், உதிக்கும் சூரியனும் அதுதான். போர் முடிந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் ஆசியாவில் பலருக்குப் படையெடுப்பு நினைவுக்கு வரும். காமெகுரா அதை மறைக்கப் பார்க்கவில்லை. அதே வட்டத்தை எடுத்து, கண்ணை நிறைக்கும் அளவுக்குப் பெரிதாக்கி, விளையாட்டின் தங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய பொருளின் மேல் புதிய பொருள் ஏறிக்கொண்டது. இத்தனை குறைவான கோடுகளில் இத்தனை பெரிய காரியத்தைச் செய்த வேறோர் இலச்சினையை நான் பார்த்ததில்லை.

அதே டோக்கியோவில்தான் படக்குறிகள் ஒரு முழுத் தொகுப்பாக ஒலிம்பிக்குக்குள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எத்தனை மொழியில்தான் பலகை எழுதுவது? மசாரு கட்சூமியின் தலைமையில் ஓர் இளைஞர் குழு, விளையாட்டுகளுக்கு 20 உருவங்களையும், கழிப்பறை, தொலைபேசி போன்ற வசதிகளுக்கு வேறு உருவங்களையும் வரைந்தது. நம் தேர்தல் சின்னங்களின் தர்க்கமேதான், திசை மட்டும் தலைகீழ். இங்கே படிக்கத் தெரியாதவருக்காகப் படம். அங்கே நன்றாகப் படித்தவர்களும் அந்த ஊருக்கு வந்ததும் எழுத்தறியாதவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதற்காகப் படம். இன்று விமான நிலையத்தில் கழிப்பறைக் கதவில் நாம் பார்த்துக் கடந்துபோகும் உருவங்கள் உலகெங்கும் பரவியதில் டோக்கியோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

மெக்சிகோவுக்குச் சூரியன் போன்ற கைக்கடக்கமான படம் எதுவும் இல்லை. அகலமான தொப்பியோடு தூங்கும் ஆள், கள்ளிச்செடி என்று வெளிநாட்டார் வரைந்து வைத்திருந்த மெக்சிகோவை ஏற்பாட்டுக் குழுவின் தலைவரான கட்டடக் கலைஞர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் விரும்பவும் இல்லை. நியூயார்க்கிலிருந்து வந்த லான்ஸ் வைமன் அப்போது முப்பது வயதைத் தொடாத இளைஞர். அவர் கண்டுபிடித்தது ஒரு வடிவ ஒற்றுமையை: 68 என்ற எண்ணின் வளைவுகளும் ஒலிம்பிக் வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன. அந்தக் கோடுகளை அப்படியே வெளியே நீட்டிக்கொண்டு போனால் ‘மெக்சிகோ’ என்ற எழுத்துகளும் அதே இணைகோடுகளால் எழுதப்பட்டுவிடுகின்றன. குளத்தில் கல்லெறிந்தால் அலை விரிவது போல, எண்ணிலிருந்து எழுத்துக்குக் கோடுகள் விரியும்.

இதில் இரண்டு உலகங்கள் சந்திக்கின்றன. ஊய்ச்சோல் பழங்குடிகள் நூலையும் மணியையும் மெழுகில் வரிசை வரிசையாக ஒட்டிச் செய்யும் ஓவியங்கள் ஒரு பக்கம். கண்ணை ஏமாற்றும் கோடுகளால் ஆன, அந்தக் காலத்து மேல்நாட்டு ஓவியப் பாணி மறுபக்கம். எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்திருப்பதுதான் அழகு. கோடுகள் இலச்சினையோடு நிற்கவும் இல்லை. அரங்கத்தின் முற்றத்துத் தரையில் ஓடின, வழிகாட்டிப் பெண்களின் உடையில் ஓடின, தபால்தலையில் ஓடின. இலச்சினை என்றால் ஒரு படம் என்ற நிலை மாறி, ஊருக்கே ஓர் எழுத்துநடை என்று ஆனது.

அந்த எழுத்துநடையை எடுத்து வேறொருவரும் எழுதலாம் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. போட்டி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, 1968 அக்டோபர் 2 அன்று, மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களின் மீது அரசுப் படைகள் சுட்டன. அமைதியின் அடையாளமாக ஊரெங்கும் வைத்திருந்த வெள்ளைப் புறாப் படங்களின் மார்பில் யாரோ சிவப்புச் சாயம் தெளித்துவிட்டுப் போனார்கள். படம் அதே படம், ஒரு துளிச் சிவப்பு மட்டும் கூடுதல். அரசு அச்சிட்ட பொருளை அது அப்படியே திருப்பிப் போட்டது.

மியூனிக்கின் ஓட்ல் ஐஷரிடம் வந்த சுமை இன்னும் பெரியது. ஜெர்மனி அதற்கு முன்பு நடத்திய ஒலிம்பிக், 1936-இல் ஹிட்லரின் பெர்லினில். ஐஷரின் மனைவி இங்கெ ஷோல் என்பவர், நாஜி ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்ததற்காக 1943-இல் கொல்லப்பட்ட சோஃபி ஷோல், ஹான்ஸ் ஷோல் இருவரின் சகோதரி. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனிக்கு முகம் வரைய வேண்டும். ஐஷர் சிவப்பையும் கறுப்பையும் ஒதுக்கினார். வெளிர்நீலம், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளி என்று பவேரியாவின் வானத்தையும் புல்வெளியையும் எடுத்துக்கொண்டார். கொடி இல்லை, கழுகு இல்லை. கதிர்கள் சுழலும் ஒரு சுருள் மட்டும். ‘மகிழ்ச்சியான போட்டி’ என்பதுதான் அவர்கள் நாடியது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய அரசியல் காரியம் என்று புரியாதவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். அந்த மகிழ்ச்சி நிறங்களுக்கு நடுவேதான் 1972 செப்டம்பரில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். இன்று அந்த வெளிர்நீலத்தைப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

ரப்பர் ஸ்டாம்பும் வழக்கறிஞரும்

இலச்சினையை வரைவதில் பாதி கலை, மீதிப் பாதி பிடிவாதமான நடைமுறை. அரங்கின் நெற்றியில் இருபது அடிக்கு வைப்பார்கள், அதையே சட்டைப் பொத்தானிலும் வைப்பார்கள். தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு நிற்கும். கறுப்பு வெள்ளையில் அச்சாகும். கடைசியில் ஒரு மூலையில் யாரோ ரப்பர் ஸ்டாம்ப் செய்து மங்கலான மையில் குத்துவார்கள். அத்தனை இடத்திலும் அது அதுவாகவே தெரிய வேண்டும். நல்ல இலச்சினையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: ஒரு நிமிடம் பாருங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவிலிருந்து வரையுங்கள். டோக்கியோ 1964-ஐ ஐந்து வயதுக் குழந்தையும் வரைந்துவிடும். சமீபத்திய சிலவற்றை வரைந்தவர்களாலேயே முடியாது என்று சந்தேகிக்கிறேன்.

அடுத்து சட்டம். இலச்சினையைத் தொப்பியிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்கும் உரிமையில்தான் ஏற்பாட்டாளர்களுக்கு வருமானம். வேறு யாரும் அச்சிட்டால் தடுக்க வேண்டும் என்றால், படம் தனித்துவமாக இருக்க வேண்டும். மியூனிக் குழு முதலில் உருவாக்கியது எளிமையான ஒரு கதிர்வட்டம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் வரையக் கூடியது, சட்டப் பாதுகாப்புக் கிடைக்காது என்பதால் அதைக் கைவிட நேர்ந்தது. கோர்ட் ஃபான் மான்ஷ்டைன் அதைச் சுருளாக மாற்றிய பிறகே இப்போது நாம் பார்க்கும் வடிவம் கிடைத்தது. எளிமையாகவும் இருக்க வேண்டும், மிக எளிமையாகவும் இருக்கக் கூடாது! மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் பட்ட பாடும் இதுதான். 1988 சியோல் போட்டியில் கொரிய மரபின் துளி வடிவங்கள் ஐந்தை வளையங்களின் நிறத்திலேயே, வளையங்களின் வரிசையிலேயே வைத்தார்கள். ஒலிம்பிக் குழுவுக்கு அது தங்கள் வளையங்களை நெருங்கி வருவதாகப் பட்டது. ஐந்து துளிகள் 1994-இல் மூன்றாகக் குறைந்தன. 2003-இல் அவையும் போய், இன்று நாம் காணும் சிவப்பு, நீலம், பச்சைப் பிறைக்கோடுகள் வந்தன. ‘நான் அசைகிறேன்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அவற்றுக்கு ‘அகிதோஸ்’ என்று பெயர்.

சட்டத்தின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று முழுமையாகக் காட்டியது மறுபடியும் டோக்கியோதான். 2020 போட்டிக்காகக் கென்ஜிரோ சானோ வரைந்த இலச்சினையை 2015 ஜூலையில் வெளியிட்டார்கள். ஆங்கில ‘டி’ எழுத்தை அடிப்படையாகக் கொண்டது. சில நாட்களிலேயே, பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்குக்குத் தான் வரைந்ததைப் போலவே இருக்கிறது என்று ஒலிவியே தெபி என்ற வடிவமைப்பாளர் கிளம்பினார். சானோ மறுத்தார். நகல் இல்லை என்று ஏற்பாட்டுக் குழுவும் சொல்லிப் பார்த்தது. ஆனால் இணையத்தில் ஆயிரம் துப்பறிவாளர்கள் அவருடைய பழைய வேலைகளையெல்லாம் கிளறத் தொடங்கிவிட்டார்கள்; செப்டம்பர் 1 அன்று இலச்சினை திரும்பப் பெறப்பட்டது. எழுத்தையும் வட்டத்தையும் மட்டும் வைத்து வரையும்போது உலகத்தில் எங்கோ ஒருவர் அதை ஏற்கெனவே வரைந்திருப்பார் என்பது என் கருத்து. குறைந்த கோடுகளில் பேச நினைக்கும் கலைஞர்களின் நிரந்தர ஆபத்து அது.

இரண்டாம் முறை போட்டியைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டார்கள். வந்து குவிந்தவை 14,599. அவற்றிலிருந்து 2016 ஏப்ரலில் அசாவோ தோக்கொலோவின் வேலை தேர்வானது. எடோ காலம் (1603–1868) எனப்படும் பழைய ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த, கட்டங்கட்டமான நெசவுக்கோலம் ஒன்று ஜப்பானில் உண்டு. அதை உடுத்தி மேடையேறிய சானோகாவா இச்சிமத்சு என்ற கபுகி நடிகரின் பெயராலேயே அது இச்சிமத்சு என்று வழங்குகிறது. தோக்கொலோ அதை அவுரி நீலத்தில் வட்டமாக வளைத்தார். மூன்று வகைச் செவ்வகங்கள், மொத்தம் 45. ஒலிம்பிக் இலச்சினையில் உள்ள அதே 45 துண்டுகளை இடம் மாற்றினால் பாராலிம்பிக் இலச்சினை வந்துவிடும். ஒன்று கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதே புள்ளிகளை வைத்து வேறு கோலம் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சாமர்த்தியத்தின் அருமை சட்டென்று புரியும். முதலில் பார்த்தபோது சலிப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். இந்த 45 கணக்கு தெரிந்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொண்டேன். பெருந்தொற்றால் போட்டி 2021-க்குத் தள்ளிப்போனபோதும் அதன்மேல் 2020 என்றே இருந்தது என்பது தனிக்கதை.

எழுத்தே படமாகும்போது

கட்டடம், விலங்கு, பூ என்று தேடாமல் தங்கள் எழுத்தையே இலச்சினை ஆக்கியவர்களும் உண்டு. பெய்ஜிங் 2008-க்கு குவோ சுன்னிங் வரைந்தது சிவப்பு அரசமுத்திரை. உள்ளே வெள்ளைக் கோட்டில் ஒருவர் கைவிரித்து ஓடுகிறார், அல்லது ஆடுகிறார். சீன எழுத்துத் தெரிந்தவருக்கு அது ‘ஜிங்’, பெய்ஜிங் என்ற பெயரின் இரண்டாம் எழுத்து. இலச்சினை என்ற நம் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. தென்கொரியாவின் பியோங்சாங் 2018-இல் அந்த ஊர்ப் பெயரின் இரண்டு மெய்யெழுத்துகளை எடுத்து, ஒன்றைப் பனி நட்சத்திரமாக ஆக்கிவிட்டார்கள். எழுத்து தெரியாதவருக்கு நட்சத்திரம், தெரிந்தவருக்கு ஊர்ப்பெயர். இரண்டு பேரும் ஏமாறுவதில்லை. பார்சிலோனா 1992-இல் எழுத்தும் இல்லை, மூன்று தூரிகை இழுப்புகள்தான்: நீலப்புள்ளி தலை, மஞ்சள் கைகள், சிவப்புக் கால்கள், வளையங்களைத் தாண்டிக் குதிக்கும் ஆள். கை நடுங்காமல் மூன்றே இழுப்பில் ஓர் உடலை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது இழுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

யாருடைய அடையாளம் என்ற வழக்கும் வரும். வான்கூவர் 2010-இல் கற்களை அடுக்கிய மனித வடிவத்தை வைத்தார்கள். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் பனிவெளியில் வழி காட்ட அடுக்கும் கற்குவியல் அது. ‘நண்பன்’ என்று பொருள்படும் ‘இலானாக்’ என்ற இனுயிட் சொல்லையே பெயராக வைத்தார்கள். வான்கூவரோ தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கேயே காலங்காலமாக வாழும் பழங்குடிகளின் மரபை விட்டுவிட்டு வேறொரு மக்களின் கல்லை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். இனுயிட் பெரியவர்களோ, எங்கள் கல் இப்படி அடுக்கப்படுவதில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

அர்ஜென்டினா 1978 கால்பந்து உலகக் கோப்பையின் இலச்சினையில் இரண்டு நீலக் கோடுகள் மேலெழுந்து பந்தைத் தாங்கும். கூட்டத்தைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தும் அதிபர் பெரோனின் கையசைவை நினைவூட்டுவதாக வரைந்தது. 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவர்களுக்குப் பெரோன் ஆகாது. ஆனால் அதற்குள் அந்தப் படம் எங்கெங்கோ அச்சாகி விற்பனைக்குப் போய்விட்டிருந்தது, மாற்றினால் வழக்கு வரும். ஆகவே ராணுவ ஆட்சி தனக்குப் பிடிக்காத தலைவரின் கைகளைத் தானே தூக்கிப்பிடித்து உலகக் கோப்பையை நடத்தியது.

திட்டு வாங்கியதில் முதலிடம் லண்டன் 2012-க்குத்தான். 2007 ஜூனில் உல்ஃப் ஓலின்ஸ் நிறுவனத்தின் அந்தக் கோணல்மாணலான இளஞ்சிவப்பு எண்கள் வெளிவந்தபோது, இதற்கா 4 லட்சம் பவுண்டு என்று ஊரே கொதித்தது. கிட்டத்தட்ட 50,000 பேர் மாற்றச் சொல்லி மனுவில் கையெழுத்திட்டார்கள். அதோடு வந்த அசைபடம் வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தொல்லை தந்ததால் அதை நீக்க வேண்டியிருந்தது. ‘2012’ என்பதை மாற்றி அடுக்கினால் ‘சியோன்’ (ஜெருசலேமைக் குறிக்கும் பெயர்) என்று வருகிறது, இது இஸ்ரேல் ஆதரவு என்று 2011-இல் ஈரான் முறையிட்டது. இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கும். பெரிய கடிகாரக் கோபுரத்தையும் சிவப்பு பஸ்ஸையும் வரைந்து தப்பித்திருக்கலாம், அவர்கள் தப்பிக்கவில்லை. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்கும் ஒரே வடிவத்தை முதலில் வைத்ததும் அவர்கள்தான். அதை மாற்றவேயில்லை என்பது கூடுதல் மரியாதை.

வெளியீட்டு விழா உரையை எப்படிக் கேட்பது

ஓர் இலச்சினை வெளிவரும் நாளில் கூடவே ஓர் உரையும் வரும். இந்த வளைவு எங்கள் மலை, இந்த நிறம் எங்கள் மக்களின் நம்பிக்கை என்று ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விளக்கம். கத்தார் 2022-இன் வளைந்த வடிவத்துக்கு எட்டு அரங்குகள், முடிவிலிக் குறி, பாலைவன மணல்மேடு, குளிர்காலக் கம்பளிச் சால்வை என்று நான்கு பொருள்கள் சொன்னார்கள். எட்டு என்பது படத்திலேயே தெரிகிறது, சால்வையும் அதன் பின்னல் வேலையில் தெரிகிறது. மற்றவை உரையில்தான் இருக்கின்றன. பாரிஸ் 2024-இல் தங்கப் பதக்கம், சுடர், பிரெஞ்சுக் குடியரசின் உருவமான மரியான் என்ற பெண் முகம், மூன்றும் ஒரே வட்டத்தில். இங்கே மூன்றையும் கண்ணே கண்டுபிடித்துவிடுகிறது. அழகு நிலையத்து விளம்பரம் மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தவர்களும் அந்தப் பெண் முகத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். நான் இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: உரையைக் கேட்பதற்கு முன் எதைப் பார்த்தேன், கேட்ட பிறகு எதைப் பார்க்கச் சொன்னார்கள்?

இந்தியாவில் 2023-இல் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பையின் இலச்சினை நவரசத்தை அடிப்படையாகக் கொண்டது என்று அறிவித்தார்கள். ஒவ்வோர் உணர்வுக்கும் ஒரு நிறம், ஒரு குறி. எண்ணம் நல்லது; விக்கெட் விழும்போது ரசிகர் முகத்தில் ஓடுவதெல்லாம் ரசம்தானே. ஆனால் அவர்கள் சொன்ன ஒன்பதில் பெருமை, மகிமை, மரியாதை, வேட்கை எல்லாம் இருந்தன. மரபு சொல்லும் பீபத்சத்தை, அதாவது அருவருப்பை, காணவில்லை. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலும் உண்டு, அச்சமும் உண்டு. விளம்பரதாரர்களின் சந்தையில் அருவருப்புக்கு இடமில்லை போலும். கடைசி ஓவரில் நம் ஆள் கேட்ச்சை நழுவவிட்டால் முகத்தில் வருவதற்கு என்ன பெயர் வைப்பார்களோ.

படத்தைக் கடைசிவரை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியும் இப்போது தளர்ந்து வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் 2028 இலச்சினையில் ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். விளையாட்டு வீரர்களும் கலைஞர்களும் ஆளுக்கொன்று வரைந்து கொடுத்திருக்கிறார்கள். மிலான் கோர்த்தினா 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்கு இரண்டு படங்களைப் பொதுமக்கள் முன் வைத்து வாக்கெடுத்தார்கள். பனி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிய மாதிரி இருக்கும் ‘26’ வென்றது.

படம் வரைந்தவர் நினைத்த பொருள், அரசு ஏற்றிய பொருள், மக்கள் ஏற்றிய பொருள் என்று அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போவதை மேலே பார்த்தோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை கிரேக்கத்தின் டெல்பியில் இருக்கும் ஒரு கல். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்காகச் சுடர் ஓட்டம் டெல்பி வழியாகப் போனது. அங்குள்ள பழைய அரங்கில் ஒரு சடங்கு நடத்துவதற்காக, ஏற்பாட்டாளர் கார்ல் டீம் கல் ஒன்றில் ஐந்து வளையங்களைச் செதுக்கி வைக்கச் செய்தார். நாடகத்துக்கு வைக்கும் மேடைப் பொருள் மாதிரிதான். சடங்கு முடிந்தது, எல்லாரும் போனார்கள், கல்லை எடுத்துச் செல்ல யாருக்கும் தோன்றவில்லை. சில பத்தாண்டுகள் கழித்து அங்கே வந்த அமெரிக்க எழுத்தாளர்கள் இருவர் அதைப் பார்த்து, பண்டைக் கிரேக்கர்களின் கல் என்று நினைத்து, ஒலிம்பிக் வளையங்களுக்கு 3,000 ஆண்டுப் பழமை உண்டு என்று எழுதிவிட்டார்கள். மற்ற புத்தகங்கள் அதைப் பார்த்து எழுதின. கூபெர்தான் கடிதத்தாளில் வரைந்து 23 ஆண்டுகளே ஆகியிருந்தபோது செதுக்கிய கல் அது.